கீழே இறங்காத பலகை

முதலில் வால்நட் என்றான் ஓரின்.
கடையில் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு
செர்ரி என்றான்.
வண்டியில் திரும்பும்போது
ஓக் என்று முனகினான்.
ஓக் என்றாலே எனக்கு தேவாலயத்து பெஞ்சு,
அதன்மேல் யார் பீர் வைப்பது என்றேன்.

வீட்டுக்கு வந்தால்
நகராட்சி ஆள் எங்கள் வாசல் ஆஷ் மரத்துக்கு
ஆரஞ்சு வளையம் பூசிவிட்டுப் போயிருந்தான்.
பச்சை வண்டு.
அந்தக் கோடையில் ஷெபாய்கன் முழுக்க அதே கதை.
பட்டையெங்கும் துளைகள்,
பாதியாய் உடைத்த மாத்திரை வடிவில்.

எங்கள் பேச்சில் சாம்பலுக்கும் அதே பெயர்தான்.
வெட்ட வந்தவர்கள் சொன்னார்கள்:
அடுப்புக்கு ஆகும், வேறெதற்கு?
ஓரின் அடிமரத்தைக் கட்டிப்பிடித்து அளந்தான்.
கைகள் ஒன்றையொன்று தொடவில்லை.
பத்தடிக்கு நேராக நிற்குது, மார்லிஸ்,
வண்டு தோலைத்தான் தின்றது
என்றான் பட்டையில் கன்னம் வைத்து.
என்னை அப்படிப் பிடித்து
நாளாயிற்று.

ஹோல்கர் அறுவை இயந்திரத்தை இழுத்துக்கொண்டு வந்தான்.
மூன்றாவது அறுப்பில் ஒரு அலறல்,
பட்டை வாள் அறுந்து புல்லில் விழுந்தது.
உள்ளே ஆணி.
பதினைந்து வருடத்துக்கு முன்
பக்கத்து வீட்டு வெண்டெல் புரூஸ்கி
காணாமற்போன பூனைக்காக அடித்த ஆணி.
மரம் அதை விழுங்கிவிட்டு மறந்திருந்தது.
வாளுக்கு முப்பத்தைந்து டாலர்.
வெண்டெல் பாதி தருகிறேன் என்றார்,
இன்னும் தரவில்லை.

ஓர் அங்குலத்துக்கு ஒரு வருடம் காயவேண்டுமாம்.
இரண்டரை அங்குலம்.
பலகைகளுக்கு நடுவே பட்டைக் குச்சி வைத்து
கராஜில் அடுக்கினான்.
என் கார் தெருவில் நனைந்தது.
ஞாயிறுதோறும் ஈரமானியை எடுத்துக்கொண்டு போவான்,
காய்ச்சல்காரன் அறைக்குள் போவதுபோல்.
பதினெட்டு என்பான்.
பதினெட்டேதான் என்பான் அடுத்த வாரமும்.

உயரத்தில் சண்டை வந்தது.
அவன் ஆறடி மூன்று, நான் ஐந்தடி ஒன்று.
முழங்கை எங்கே ஊன்றுவது?
நாற்பத்திரண்டு அங்குலம் என்பது ஊர் வழக்கம் என்றான்.
ஊர் வந்து பாத்திரம் கழுவுமா என்றேன்.
எனக்கொரு மிதிபலகை செய்தான்
மீந்த துண்டில்,
கேட்காமலேயே.

இழைப்புளி ஓடியபோதுதான் பார்த்தேன்
அந்த வெளுத்த நிறத்தை,
வெண்ணெயில் விரல் இழுத்த தடம்போல் ரேகைகளை.
ஓரத்தில் பட்டை உரித்த இடத்தில்
புழுக்கள் போன பாதை,
கிறுக்கல் மேல் கிறுக்கல்.
அதைச் சீவிவிடலாமா என்றான்.
இருக்கட்டும் என்றேன்,
தின்றவர்களுக்கும் ஓர் இடம்.
ஆணி இருந்த இடத்தில் மட்டும்
இரும்பு ஊறி
நீலக்கறுப்பாய் ஒரு கறை,
எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

ஏழு பூச்சு வார்னிஷ்.
ஆறாவதில் எங்கள் நாயின் ஒரு முடி சிக்கி
இன்னும் அங்கேயே படுத்திருக்கிறது.

பிறகு நான்கு பேர் தூக்கி
நிலவறைப் படிக்குக் கொண்டுபோனார்கள்.
சுவரை அளந்திருந்தான்.
கதவை அளந்திருந்தான்.
கூரைக் குழாயை இரண்டு முறை அளந்திருந்தான்.
படி நடுவில் திரும்புகிறது.
பத்தடிப் பலகை திரும்பாது.

யாரும் பேசவில்லை.
வெண்டெல் மட்டும் இருமினார்.
வெட்டி ஒட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.
ஓரின் பென்சிலால் நடுவில் ஒரு கோடு போட்டான்,
வாளை எடுத்தான்,
வைத்தான்,
ஈரத்துணியால் கோட்டை அழித்தான்.

இப்போது ஜனவரி. வெளியே இருபது கீழே.
கராஜில் பலகை, ஆறு முக்காலி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு.
என் கார் பனிக்குள் எங்கோ இருக்கிறது.
பீர் உறைந்து வெடிக்காமலிருக்க
அதை ஃபிரிட்ஜுக்குள் வைத்துக்
கதகதப்பாகக் காக்கிறோம்.
வழித்த மண்வாரிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு
கையுறை கழற்றாமலே உட்காருகிறார்கள் தெருக்காரர்கள்.
வெண்டெலின் குவளை எப்போதும் அந்தக் கறைமேல்தான்.
பூனை அப்போதே கிடைத்துவிட்டது, தெரியுமா, என்கிறார்,
மூன்று வீடு தள்ளி,
வேறு பெயரில், கொழுகொழுவென்று.

பதினேழரை டாலர், வெண்டெல்,
என்கிறேன் மிதிபலகைமேல் ஏறி நின்று.