இரண்டு புள்ளி வெளிச்சம்

லாரன்ஸ் நகரம், எஸ்ஸெக்ஸ் தெரு.
செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை.
கடைக்குக் கடை கொடி.
ஹிஸ்பானியப் பாரம்பரிய மாதம் என்று
வங்கிகூட வாசலில் காகிதப் பூ தொங்கவிட்டிருக்கிறது,
கடன் கேட்டுப் போனால் மட்டும்
என் பெயரை மூன்று தடவை எழுத்துக்கூட்டச் சொல்லும் வங்கி.

நான் எனெய்தா.
போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில்
பரு அழிப்பவள்.
பல்லுக்கு வெள்ளை, கண்ணுக்குப் பளபளப்பு,
விவாகரத்தான மாப்பிள்ளையைக்
குடும்பப் படத்திலிருந்து தூக்கத் தனிக் கட்டணம்.

நுரிஸ் வந்தாள்.
மகள் யோகாஸ்தாவுக்குப் பதினைந்து முடிந்த விழா,
நாற்பது படம்.
ஊதா கவுன், வாடகைக் கிரீடம்,
மூன்று மணிநேரம் சலூனில் இழுத்து நேராக்கிய முடி.
"எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றாள்.
பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்:
"கறுப்புதான், ஆனாலும் களையான முகம், இல்லையா?
ஒரு இரண்டு புள்ளி வெளிச்சம் ஏற்றிவிடேன்.
சாந்தியாகோவில் என் அக்காமார் பார்ப்பார்கள்."

அந்த 'ஆனாலும்' எனக்குப் பழக்கம்.
எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு நாற்காலியே இருந்தது.
கறுப்பைத் தவிர எல்லாப் பெயரும் உண்டு எங்கள் தீவில்:
கோதுமை, இலவங்கம்,
பால் கூடின காப்பி, பால் குறைந்த காப்பி.
என் அப்பாவின் அடையாள அட்டையில்
ஆதிகுடிகளின் நிறம் என்று எழுதினார்கள்,
கப்பலில் வந்தவர்கள் கொன்று தீர்த்த குடிகள்.
கறுப்பு என்று எழுதக் கூசி
செத்தவர்களிடம் நிறம் கடன் வாங்கினோம்.
அவர்கள் வட்டி கேட்பதில்லை.

என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது
அத்தை முதலில் பார்த்தது காது மடலை.
மடக்கிப் பார்த்தாள்,
நிறம் எங்கே ஒளிந்திருக்கிறதென்று.

ஏற்றினேன். என்ன செய்ய, இது என் வேலை.
கிரீடம் சூட்டும் படம், இரண்டு புள்ளி.
கேக் வெட்டும் படம், இரண்டு புள்ளி.
கன்னத்தில் இருந்த வெயில்
எங்கோ இறங்கிப் போனது.
நுரிஸ் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள்.

இருபத்தேழாவது படம்
அப்பாவும் மகளும் ஆடும் வால்ட்ஸ்.
எவாரிஸ்தோ, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்,
கண்ணை மூடியிருக்கிறார்.
கன்னத்தோடு கன்னம்.
மகளின் முகத்தைத் தேர்ந்தெடுக்கக் கருவியைத் தொட்டேன்.
இருவரையும் சேர்த்துப் பிடித்தது.
அழித்துவிட்டு மறுபடி தொட்டேன்.
மறுபடியும் இருவர்.
ஒருவர் முடிந்து இன்னொருவர் தொடங்கும் கோடு
அதற்குத் தெரியவில்லை.

"அவர் அப்படியே இருக்கட்டும்,
இவளை மட்டும்" என்றாள் நுரிஸ்.
"எங்கே வெட்ட?" என்றேன்.

அவள் திரையை நெருங்கி வந்தாள்.
விரலால் காட்ட முயன்றாள்,
காதருகே, இல்லை, தாடைக்குக் கீழே,
இல்லை.
விரல் நடுவில் நின்றது.
வெளியே தம்போரா மேளம் திரும்பிப் போய்
இன்னொரு தெருவில் அதிர்ந்தது.

அப்போதுதான் யோகாஸ்தா ஓடி வந்தாள்,
ஊர்வலத்தில் ஆடிய வேர்வையோடு,
கையில் பாதி தின்ற கிபே,
கன்னத்தில் வரைந்த கொடி கரைந்து ஒழுக,
நெற்றியோரம் முடி
சலூனை மறந்து சுருள ஆரம்பித்திருந்தது.
கிரீடப் படத்தைப் பார்த்தாள்.
"இது யாரு? மாவு டப்பாவில் விழுந்தவளா?"
சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.
நுரிஸ் சிரிக்கவில்லை.

கடைசியில் இரண்டு ஆல்பம் கேட்டாள்:
அக்காமாருக்கு வெளுத்தது ஒன்று,
வீட்டுக்கு ஒன்று.
இருபத்தேழாவது மட்டும்
இரண்டிலும் ஒன்றுதான் என்று
அவளே சொன்னாள், பணத்தை எண்ணியபடி,
என் முகத்தைப் பார்க்காமல்.

போன பிறகு கவனித்தேன்,
கேக் வெட்டும் படத்தில்
கத்தியைப் பிடித்த கையை ஏற்ற மறந்திருக்கிறேன்.
வெளுத்த முகத்துக்குக் கீழே
அவள் கை, அவள் நிறத்தில்.
அப்படியே அச்சுக்கு அனுப்பினேன்.
அக்காமார் பார்க்கட்டும்.