எந்த ஆகஸ்ட்

போன ஆகஸ்டில் ஓடியது என்றார் ஸெல்வின் ஸிங்க்,
வெண்ணெய் மாதிரி ஓடியது.
மஹோன் வளைகுடாவில் ஏப்ரல்.
கரையோரப் பனிக்கட்டி இன்னும் முழுசாய் விடவில்லை.
படகை வாங்க வந்தவள் மார்கிட்,
ஹாலிஃபாக்ஸில் இரவுப் பணி நர்ஸ்.
பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டவள் அவள்,
கூலி தருபவளும் அவள்.
ஸிங்க் என் அக்காளைக் கட்டியவர்.

எஞ்சினுக்கு அறுபது வயது.
நான்கு சிலிண்டர், பெட்ரோல்.
படிக்கட்டைத் தூக்கிவிட்டு முழங்காலில் நின்றால்தான்
முகம் காட்டும்.

முதலில் மூக்கு.
பெட்ரோல் என்றால் கண்ணில் குத்த வேண்டும்.
தொட்டி மூடியைத் திருகினேன்,
பூட்டிக் கிடந்த பெயின்ட் கடை மாதிரி ஒரு வாடை.
கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில்
தேன்நிறத்தில் ஒரு தோல்.
நகம் வைத்தால் சுருண்டு வருகிறது.
ஒரே ஒரு குளிர்காலம் இவ்வளவு காய்ச்சாது.
நான் வாயைத் திறக்கவில்லை.
ஸிங்க் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிண்ணத்தைத் துடைத்து மாட்டி,
என் கேனிலிருந்து புது எண்ணெய் கொடுத்தேன்.
இருமி, துப்பி, பிடித்துக்கொண்டது.
தகதிமி என்று போக வேண்டியது
தகதி, தகதி என்று
ஓர் அட்சரத்தை விழுங்கிவிட்டு ஓடியது.
பிளக் வயர்களை ஒவ்வொன்றாய் உருவினேன்.
ஒன்றை உருவினால் தள்ளாடியது, இரண்டுக்கும் நான்குக்கும் அப்படியே.
மூன்றை உருவினேன், ஒரு மாற்றமும் இல்லை.
வேலை செய்யாதவன் லீவு போட்டால்
யாருக்குத் தெரியும்?

நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி, கேஜை வைத்தேன்.
தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றிரண்டு. பதினைந்து. தொண்ணூற்றுநான்கு.
மூன்றாவதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு
மறுபடி சுழற்றினேன்.
ஏறியிருந்தால் பிஸ்டன் வளையம்.
முள் பதினைந்தை விட்டு அசையவில்லை.

ரப்பர் குழாயைப் புகைவழியில் செருகி
மறுமுனையைக் காதருகே கொண்டுபோனேன்.
மார்கிட் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.
நான் கையால் சக்கரத்தை மெல்லச் சுற்ற
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
"புஸ்ஸுன்னு போகுது," என்றாள்,
"ஏதோ ஒண்ணு மூடவே இல்ல."

பக்கத்து மூடியைத் திறந்தால் அதுவே சாட்சி.
மற்ற ஏழு வால்வுகளும் உட்கார்ந்திருக்க
மூன்றாம் சிலிண்டரின் புகைவால்வு மட்டும்
அண்ணாந்து நிற்கிறது.
தண்டுக்கும் தள்ளிக்கும் நடுவே
என் கட்டைவிரல் நகம் நுழைகிறது.
ஸ்பிரிங் இழுத்து இழுத்துத் தோற்றிருக்கிறது
அந்தத் தேன்நிறப் பிசினிடம்.

துண்டுச்சீட்டில் எழுதினேன்:
வால்வு ஒட்டல். எரிபொருள் மிகப் பழையது.
'மிக' என்பதை அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன்.

ஸிங்க் படித்தார்.
"போன ஆகஸ்டுன்னா ரொம்பத்தான் பழசு," என்றேன்.
"எந்த ஆகஸ்டுன்னு நீ கேக்கலையே, ஆர்லி."

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.
மார்கிட்தான் விலையைப் பேசினாள்,
காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்கிற
அதே குரலில்.
ஆயிரத்து இருநூறு டாலர் இறங்கியது.

மண்ணெண்ணெயும் கியர் எண்ணெயும் கலந்து
தண்டின் மேல் ஒழுகவிட்டு இரண்டு இரவு.
மூன்றாம் நாள் காலை, பிளக் ஓட்டை வழியே
ஒரு மரக்குச்சியை இறக்கி,
தட்டுகிறோம் என்று அதற்கே தெரியாதபடி தட்டினேன்.
பத்துத் தட்டு. இருபது.
கோபம் வந்தால் தண்டு வளையும்;
கோபம் வந்தது, எழுந்து போய் டீ குடித்தேன்.

திரும்பி வந்தபோது குச்சி ஸிங்க் கையில்.
டொக்.
வால்வு இறங்கி உட்கார்ந்தது.
மறுபடி சுற்றினால் எழுந்தது, உட்கார்ந்தது, எழுந்தது.

கேஜில் எண்பத்தெட்டு.
"எத்தனை வருஷம்?" என்று கேட்டாள் மார்கிட்,
கோபமில்லாமல், குறிப்பேட்டைத் திறந்தபடி.
ஸிங்க் விரல்விட்டு எண்ணினார்.
ஒரு கை முடிந்தது.
மரக்குச்சியை என்னிடம் கொடுத்துவிட்டு
மறுகையைத் தொடங்கினார்.