உசிதமல்ல

எட்டாம் எண் ஜன்னலில் காகிதம் ஏதும் தருவதில்லை.
வாயால்தான் சொல்கிறாள், ஆப்பிள் நறுக்கியபடி:
"ஸினோவி இல்யிச், நீங்கள் போவது உசிதமல்ல."

மோர்தோவியா முகாமில் ஏழு ஆண்டு.
அங்கே ஒரு தேதி தந்திருந்தார்கள்,
பனியில் நின்றபடி நாளொன்றாய்க் கழிக்கலாம்.
இங்கே எதிலிருந்து கழிப்பது?

ஹைஃபாவிலிருந்து கிளாரா
பிறந்தநாள்தோறும் மகனின் பாதத்தைத் தாளில் வைத்து
பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புகிறாள்.
தணிக்கைக்காரன் மை பூச
ஒரு சொல்லும் இல்லாத கடிதம்.
முகாமில் அது என் உள்ளங்கைக்குள் அடங்கியது.

இம்முறை இரண்டு தாள்கள், பசைபோட்டு ஒட்டியவை.

செர்னிவ்ட்ஸியில் கணப்பு இன்னும் ஏற்றவில்லை.
காலுறையைக் கழற்றி
அதன்மேல் என் காலை வைத்தேன்.
சுற்றிலும் கோடு தெரிந்தது.