கொலர்

அம்மாவுக்குக் கொலர் மட்டும்தான் தைக்கத் தெரியும்.
பேலியகொடை கார்மண்டில் ஏழாம் லைன்.
மணிக்குத் தொண்ணூறு.
கை வைப்பவள் வேறு, பொக்கட் வைப்பவள் வேறு.
பொத்தான் துளை போடுகிறவளை
அம்மா பஸ்ஸில்தான் சந்தித்திருக்கிறாள்.
பின்னால் நின்று 'இக்மன், இக்மன்' என்பவன்
ஊசியைத் தொட்டதே இல்லை.
ஒரு முழுச் சட்டையை அங்கே யாரும் தைத்ததில்லை.

அதனால் என் சட்டைகள் எல்லாம்
கழுத்திலிருந்து தொடங்கின.
நுனி கூராக, இரட்டைத் தையலோடு,
எந்த நாட்டிலோ ஒரு வங்கி மெனேஜருக்குப்
போயிருக்கவேண்டிய விறைப்பான கொலர்.
அதற்குக் கீழே
அம்மா யோசித்து யோசித்து ஒப்பேற்றிய மிச்சம்:
ஒரு கை முழங்கையைத் தொடும், மற்றது தொடாது.
இடுப்பு எங்கே என்று துணிக்கே தெரியாது.

யூனிஃபோர்ம் நாட்களில் பயமில்லை.
காலை ஏழு மணிக்குக் கொட்டாஞ்சேனை முழுக்க
ஒரே வெள்ளையாக இறங்கி நடக்கும்.
யாருடையது பழுப்பு, யாருடையது நீலம் போட்டது
என்பது கிட்ட வந்தால்தான் தெரியும்.
நான் கிட்டப் போகமாட்டேன்.
கலர் சட்டை நாட்கள்தான்.
சிறுவர் தினம். ஒளி விழா. ட்ரிப்.

ஆறாம் ஆண்டில் தெஹிவளை மிருகக்காட்சிசாலை.
அந்த வருஷம் எல்லோரும் டெனிம்,
நெஞ்சில் மினுங்குகிற பட்டாம்பூச்சி.
நான் ரோஸ் கட்டம் போட்ட கொலரோடு பஸ் ஏறினேன்.
"கொலர் வந்துட்டா!" என்றாள் ரொசாந்தி.
"மெனேஜர், ஃபைல் எங்க?" என்றாள் நிலுஷ்கா.
பஸ் முழுக்கச் சிரித்தது.
இமெல்டா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்,
ஆனாலும் சிரித்தார்.

யானைக் கொட்டகைக்குப் பின்னால் கழிப்பறை.
சித்திரப் பாடத்து மொட்டைக் கத்தரிக்கோல்
முதல் நாள் இரவே என் பைக்குள் இருந்தது.
இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.
துணி விட்டது. தையல் விடவில்லை.
வெளியே யானைகள் ஆடப்போவதாக
ஒலிபெருக்கி சிங்களத்தில் சொன்னது,
பிறகு கைதட்டல், பிறகு இன்னொரு கைதட்டல்.
நான் பல்லால் நூலை இழுத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது கழுத்தைச் சுற்றிப் பிசிறு.
"கொலர், எங்கடி போன? யானை முடிஞ்சுது"
என்று சோளப்பொரியை நீட்டினாள் நிலுஷ்கா.
கழுத்தைப் பார்க்கக்கூட இல்லை.
பெயரை வெட்ட
எந்தக் கழிப்பறைக்குப் போவது?

அன்றிரவு அம்மா சட்டையைத் துவைக்க எடுத்தாள்.
குழாயடியில் வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் வரவில்லை.
பிறகு வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்:
"எந்தக் கத்தரிக்கோல்?"
காட்டினேன்.
விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள்.
"இதால வெட்டினா இப்படித்தான்."

வட்டக் கழுத்து அவளுக்குத் தெரியாது.
மூன்று தரம் வைத்துப் பிரித்தாள்.
நாலாம் தரம் அது ஒருமாதிரிக் கழுத்தாகியது.
நான் அதைப் போடவேயில்லை.

நிலுஷ்கா இப்போது மெல்பேர்னில்.
போன் எடுத்தால் இன்னமும் "கொலர்" தான்.
அந்தக் குரலில் பாசம் மட்டும்தான் இருக்கிறது,
கோபப்பட ஓர் இடம்கூட விடாமல்.

போன மாதம் வத்தளையில் ஒரு கல்யாணம்.
மோதிரம் மாற்றும் நேரம்,
எல்லோரும் விரல்களைப் பார்க்கும் நேரம்,
அம்மா என் காதில்:
"மாப்பிள்ளைக்கு இடது நுனி
ஒரு நூல் இறங்கியிருக்கு, பாரு."
"விடுங்கம்மா."
விட்டாள்.
கேக் வெட்டி, வைன் பரிமாறி,
பாட்டுக்காரன் மைக்கைத் தட்டிப் பார்க்கும்போது
மறுபடி, எனக்கென்றில்லாமல்:

"பாவம்.
அந்தப் பிள்ளைய
யாரோ அவசரப்படுத்தியிருக்காங்க."