பதினான்காம் நாள் கோடு

சோஹாரில் எனக்கு இது ஆறாவது வெயில்காலம்.
ஆய்வகத்தின் பின்கட்டில்
நாற்பத்தெட்டு வெள்ளெலிகளுக்குத்
தீனி, தண்ணீர், மரத்தூள்.
விளக்கு பன்னிரண்டு மணி நேரம் எரியும்,
பன்னிரண்டு மணி நேரம் அணைந்திருக்கும்.
வெளியே சூரியன் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை.

முதுகு மயிரை மழித்து, மயக்கம் கொடுத்து,
பித்தளைக் கட்டையைக் காய்ச்சி
ஷம்ஸா வைப்பாள், பத்து நொடி.
எண்ணுவது என் வேலை.
ஏழுக்கு மேல் குரல் வராது எனக்கு,
விரல் மடக்கிக் காட்டுவேன்.

நான்கு புட்டிகள். பெயர் கிடையாது, எண் மட்டும்.
பூசுகிறவனுக்கு எதைப் பூசுகிறோம் என்று தெரியக்கூடாதாம்.
தெரிந்தால் ஆசை கையில் ஏறிவிடும், அளவு தப்பும்.
சரி,
மூக்குக்கு யார் எண் ஒட்டுவது?
ஒன்று சோற்றுக்கற்றாழை, வழவழப்பே சொல்லிவிட்டது.
இரண்டு மருதாணி.
மூன்றைத் திறந்ததும் சொன்னேன்: இலந்தை இலை.
அவள் நிமிர்ந்தாள். "சித்ர்."
இரண்டு சொல்லிலும் ஒரே முள்.
நான்கில் வெறும் களிம்பு, ஒன்றும் கலக்காதது.
அந்தக் கூட்டத்துக்கு மட்டும்
ஒரு பிடி தீனி கூட வைத்தேன்.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று நாளுக்கொரு முறை
கண்ணாடித் தாளைப் புண்ணின்மேல் பிடித்து
ஓரத்தைப் பேனாவால் வரைவோம்.
கட்டம் எண்ணினால் பரப்பு.
நேற்றைய கோட்டுக்குள் இன்றைய கோடு,
வற்றும் குளத்தின் கரை மாதிரி.

பதினொன்றாம் நாள் ராத்திரி
சவரிராஜ் கையைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தான்.
கஃபெட்டீரியாவில் கோழி பொரிக்கும் எண்ணெய்,
முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை.
ஒருவன் பற்பசை தடவியிருந்தான்,
ஒருவன் காப்பித்தூள்,
முதலாளி தன் பங்குக்குக் கோதுமை மாவு.
ஆஸ்பத்திரியில் அத்தனையையும் கழுவி எடுக்க
அரை மணி நேரம் ஆயிற்று. அப்புறம்தான் அழுதான்.
வெள்ளைக் களிம்பு, துணிக்கட்டு, ஒரு வாரச் சீட்டு.

"உங்க எலி மருந்து ஒரு புட்டி கொண்டாடா.
அந்த மூணாம் நம்பரு."
முடிவு இன்னும் வரலை, என்றேன்.
"அப்ப எலியவிடக் கேடாப் போயிட்டனா நான்?"
பதில் சொல்லவில்லை.
மறுநாள் சட்டைப்பைக்குள் வைத்து எடுத்து வந்தது
ஒரு கண்ணாடித் தாள், ஒரு பேனா.

நர்ஸ் கட்டு மாற்றும்போது
தோலில் படாமல் மேலே பிடித்து வரைந்தேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
தன் டார்ச்சை எடுத்துக் காட்டினாள்.
தாள் எங்கள் குளிர்பெட்டியின் கதவில் இருந்தது.
பால் எடுக்கிறவனெல்லாம் பார்த்துவிட்டுப் போனான்.
பதினான்காம் நாள் கோடு
முசந்தம் கரையைப் போல் உடைந்து உடைந்து வந்தது.
"அப்பிடியே படகு விடலாம் போல," என்றான் சவரிராஜ்,
முதல்முறையாக அதைத் தானே உற்றுப் பார்த்து.

ஆய்வகத்தில் மூன்றாம் எண் முந்திக்கொண்டது.
ஒன்று அதன் பின்னால். மருதாணி சுமார்.
ஒன்றும் பூசாத கூட்டமும் ஆறியது,
ஐந்து நாள் பிந்தி, யாரும் கொண்டாடாமல்.
என் ஒரு பிடித் தீனியும் அதில் இருக்குமோ, தெரியாது.

ஆறிய தோலைத்தான் இனி வெட்டிப் பார்க்க வேண்டும்.
ஷம்ஸா என் முகத்தைப் பார்க்காமல்
"நாளை நீங்கள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள்," என்றாள்.
நாளை மறுநாள்
நாற்பத்தெட்டு கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்தேன்.

சவரிராஜின் கையை முதலாளி
மீன் வாங்குவது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அதே அடுப்பு, அதே சட்டி.
நிற்கிற இடம் மட்டும் இடப்பக்கம்.

"எது ஜெயிச்சிது?" என்று கேட்டான் ராத்திரி.
மூணு, என்றேன்.
"நான் அன்னிக்கே சொன்னேன்ல."
சட்டைக்கை உரசும் இடத்தில்
துவரம்பருப்பளவு இன்னும் மூடவில்லை.
வெள்ளிக்கிழமை அதையும் வரைய வேண்டும்.