வடிய நேரம் எடுக்கும்

இரவு இரண்டே கால்.
பொறளையில் மழை இன்னும் விட்டபாடில்லை.
ஏழாம் கட்டிலில் நிலோஜன்,
ஒன்பது வயது, ஜிந்துப்பிட்டி.
மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்,
மாஸ்க்குக்குள் நெபுலைசர் புகை,
புகைக்கு மேலே இரண்டு கண்கள்
என்னையே பார்க்கின்றன.

கரைத்துக் கொடுத்த பிரெட்னிசொலோனை
என் சப்பாத்தின் மேல் கக்கிவிட்டான்.
அந்தக் கைப்பு யாருக்குத்தான் இறங்கும்?
அதனால் ஊசி.
புறங்கையில் ஒட்டிய கனுலாவைக் காட்டி
மூச்சுக்கு ஒரு சொல்லாகக் கேட்கிறான்:
"இது...
என்ன...
மருந்து?"

ஸ்டெரொயிட் என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
"விளையாட்டுக்காரர்... போட்டா...
தடை செய்வாங்களே...
அதுவா?"
பக்கத்துக் கட்டில் ஷிமாக்
(மூன்றாம் நாள், வார்டே அவன் கையில்)
முழங்கையை மடக்கிப் புயம் காட்டுகிறான்.
இனிஷல் ஒன்று என்பதற்காக
எல்லோரும் ஒரே வீட்டு ஆட்களா, என்று சமாளித்தேன்.

உள்ளே போய்ச் சண்டை பிடிக்கும் சிப்பாய்கள் இவை,
என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன்.
பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்,
படம் கீறிய அட்டை கூட உண்டு.
அவனுடைய அம்மா நிமிர்ந்தாள்.
கிளினிக் கொப்பியில் விலாசம் ஜிந்துப்பிட்டி;
அவள் பேச்சில் இருந்தது
வன்னியில் ஓர் ஊர்.
சிப்பாய்களை விழுங்கிக்கொண்டேன்.

மழைதான் கை கொடுத்தது.
"ஆமர் வீதியில் வெள்ளம் நின்றால் பார்த்திருக்கிறாயா?"
மாஸ்க் மேலும் கீழும் ஆடியது.
உன் நெஞ்சுக்குள்ளும் தெருக்கள் இருக்கு,
காற்று போய்வரும் சின்னத் தெருக்கள்.
இப்போ இரண்டு பக்கமும் மதில் வீங்கி,
சளியும் சேர்ந்து, நடக்க இடமில்லை.
இந்தப் புகை, விசில் ஊதுகிற பொலிஸ்காரர்.
உடனே வழி எடுத்துத் தருவார்,
அவர் போனதும் திரும்ப நெரியும்.
ஊசி மருந்து அப்படியில்லை.
அது கான் அடைப்பு எடுக்க வரும் முனிசிப்பல் ஆள்.
சத்தம் போடாது. அவசரப்படாது.
வீக்கம் வடிய விடிந்துவிடும்.

"முனிசிப்பல்... ஆக்கள்...
வரவே மாட்டாங்க.
அப்பாதான்... கம்பியால...
குத்தினவர்."

அம்மா சிரித்தாள், அன்றிரவு முதல் தடவையாக.
அப்பா கேற்றுக்கு வெளியே
த்ரீவீலுக்குள் சுருண்டு கிடக்கிறார்;
இரவில் ஒரு ஆளுக்குத்தான் அனுமதி.
சரி, அப்பா மருந்து என்றே வைத்துக்கொள்வோம்.

கட்டில் காலடிக்கு வந்து அவள் மெல்லக் கேட்டாள்:
முகம் வீங்குமாமே, வளர்த்தி நிற்குமாமே.
மாதக்கணக்கில் எடுத்தால்தான் அந்தக் கதை, அம்மா.
இது மூன்று நாள்.
பசிக்கும், சும்மா சும்மா கோபம் வரும்,
நித்திரை குழம்பும்.
இழுப்பு நின்றதென்று
இரண்டாம் நாளோடு குளிசையை நிறுத்திவிட வேண்டாம்.
தலையாட்டினாள்.
தினமும் இழுக்கிற அந்த மண்ணிறப் பம்ப்?
ஊதா நிற பொலித்தீன் பையைத் துழாவி
வெறும் டப்பாவை நீட்டினாள்.
"முடிஞ்சு மூணு கிழமை, மிஸ்.
இந்த மாசம் வாடகையும்..."

அதற்கு என்னிடம் உவமை இல்லை.
கொப்பியில் குறித்து வைத்தேன்.

ஆறு நாற்பது.
விரல் நுனிச் சிவப்பு விளக்கில் தொண்ணூற்றாறு.
வாசலருகே புதிதாய் வந்த தெவ்மினி அழுகிறாள்.
ஷிமாக் அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து
சிங்களத்தில் விளக்குகிறான்,
இது தாத்தா மருந்து, பயப்படாதே, என்று.
அந்த மொழியில் அப்பாவுக்குத் தாத்தா என்றுதான் பெயர்.
ஏழாம் கட்டிலிலிருந்து ஒரு கத்தல்:
"தாத்தா இல்லடா அப்பான்னு சொல்லு அவளுக்கு விளங்காட்டி நான் சொல்றேன்!"

எண்ணிப் பார்த்தேன்.
எட்டுச் சொல்.
நடுவில் எங்கும் நிற்கவில்லை.