இரண்டு சீப்புகள்

இரண்டு சீப்பை எதிரெதிரே வைத்ததுபோல்
பல்லுக்கு நடுவே பல்.
ஒன்றையொன்று தொடக்கூடாது.
தொட்டால் கத்தும்.
பாடம் அவ்வளவுதான்,
மீதி எல்லாம் தையல்.

எஃகு நூல் பருத்திபோல் சொன்னபடி கேட்காது.
ஊசிக்கண்ணில் நுழையுமுன்னே
பூனைமீசையாய்ப் பிரியும்.
மேலே கோத்தால் அறுந்துபோகும்;
பாபினில் சுற்றி, துணியைக் குப்புறப் போட்டு
மெதுவாக மிதிக்க வேண்டும்.
இருபத்திரண்டு வருஷம்
ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில்
பெண்களின் மெஷின்களைப் பழுது பார்த்தவன் நான்.
ஒரு விளிம்புகூட மடித்துத் தைத்ததில்லை.
தொழிற்சாலையை மூடியபோது
தரவேண்டிய காசுக்குப் பதில்
ஒரு மெஷினைத் தந்தார்கள்.

யுவேஷனுக்கு ஒன்பது வயது.
காலையில் அவன் படுக்கை விரிப்பு
எங்களுக்கு முன்னால் எழுந்து
வாஷிங் மெஷினுக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.
யாரும் எதுவும் கேட்பதில்லை.
கேட்காமல் இருப்பதும் எங்கள் வீட்டில்
ஒரு சத்தம்தான்.

கிளினிக்கில் சொன்ன கருவியின் விலை
இரண்டு மாத மின்கட்டணம்.
ஆகவே இந்தச் சீப்புகள்.
உடைந்த பொம்மையிலிருந்து ஒரு பஸ்ஸர்,
ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு காசு பேட்டரி.
முடிச்சு அவிழாதிருக்க
கமலோஷ்னியின் சிவப்பு நகப்பூச்சில் ஒவ்வொரு சொட்டு.
"சித்தி மகள் கல்யாணத்துக்கு வாங்கினது"
என்றாள், மூடியைத் திறந்து நீட்டியபடி.

மீட்டரின் முனைகளை வைத்துப் பார்த்தேன்.
பீப் என்றால் பாதை உண்டு.
எல்லா வேலையிலும் அந்த பீப்புக்குத்தான் காத்திருப்பேன்,
இதில் மட்டும் மௌனம் வேண்டும்.
நனையும்வரை மௌனம்.

முதல் இரவு பதினொன்றரைக்குக் கத்தியது.
ஓடினோம். பையன் காய்ந்திருந்தான்,
விரிப்பும்.
பிப்ரவரி மாத டர்பனில்
காற்றே படுக்கையில் ஒன்றுக்குப் போகிறது.
பல்லுக்கும் பல்லுக்கும் மூன்று மில்லிமீட்டர் போதவில்லை.
பிரித்தேன். ஐந்து விட்டுத் தைத்தேன்.

இரண்டாம் இரவு நிஜமாகவே.
மின்வெட்டு நேரம்.
ஒரு ஃபிரிட்ஜ்கூட முனகாத தெருவில்
அந்தப் பொம்மைக் குரல்
பக்கத்து வீட்டு நாயை எழுப்ப
அது அடுத்த நாயை எழுப்ப,
மெரிபேங்க் முழுக்கத் தெரிந்துவிட்டது என்றது
டார்ச் வெளிச்சத்தில் அவன் முகம்.

பிறகு நான்கு இரவு சத்தமே இல்லை.
என் தையலை நானே மெச்சிக்கொண்டேன்.
ஐந்தாம் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது
என் கால் அவன் காலில் இடறியது.
வெறும் தரையில் சுருண்டு கிடந்தான்.
கட்டிலில் விரிப்பு
கடையில் மடித்த சட்டைபோல், ஒரு சுருக்கமில்லை.
அவனுக்கடியில் தரை ஈரமாக இருந்தது.

நூலில் பிழை இல்லை.
முடிச்சிலும் இல்லை.
யாரிடம் சொல்வது என்றுதான்
பஸ்ஸருக்குத் தெரியவில்லை.

கழற்றி எறிந்தேன்.
செத்துப்போன போனுக்குள்ளிருந்து
உளுந்தளவு அதிர்வு மோட்டார்.
தலையணை உறைக்குள் ஒரு சின்னப் பை தைத்து
அதில் படுக்க வைத்தேன்.
நீளம் கூடினால் மின்சாரம் களைத்துப்போகும்,
நூலை இரட்டையாக்கினேன்.
விரிப்புக்கும் உறைக்கும் நடுவே
இரண்டு அழுத்துப்பொத்தான், துவைக்கும்போது கழற்ற.
"இது எங்களுக்குக் கேட்காது" என்றேன்.
வேறொன்றும் சொல்லவில்லை.
பொத்தானை அவனே அழுத்திக்கொண்டான்,
டக், டக்.

நேற்று, மின்சாரம் இல்லாத இரண்டு மணி.
கதவு. சுவரைத் தடவிப் போகும் கை.
கொஞ்ச நேரம் கழித்துக் குழாய்.
கமலோஷ்னி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.
தூங்குகிறவன் மூச்சு எப்படி இருக்குமோ
அப்படி ஒன்றை விட்டேன்.
அவள் அதோடு நிற்காமல்
குறட்டையே விட்டாள்.